சொக்கிக்கு என்ன போட்டீங்க

பச்சைப் புள்ளியைத்தான் கண் முதலில் தேடியது. பிஸ்கட்டோ பல்பொடியோ, எதை வாங்கினாலும் பொட்டலத்தைத் திருப்பிப் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிரமநாயகம் காசை எடுப்பார். இருபது வருஷப் பழக்கம், நாய் பூனைத் தீனி விற்கிற இந்தக் கடைக்குள் வந்தும் விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அலமாரி தரையிலிருந்து கூரை வரைக்கும் நிற்கிறது. பைக்கு ஒரு பூனை மூஞ்சி, எல்லாம் கண்ணை அகலத் திறந்து இவரையே பார்க்கின்றன. கோழி, சூரை மீன், கானாங்கெளுத்தி, ஆட்டு ஈரல், கடல் மீன் கலவை. வாசிக்க வாசிக்க நாக்குக்கு அடியில் எச்சில் ஊறிக் குமட்டிக்கொண்டு வந்தது. இடது கையில் ஒயர்க் கூடை, வீட்டுக்காரி உலகம்மை பின்னியது, பச்சையும் வெள்ளையும். மேலே அவளுடைய பழைய சேலைக் கிழிசலைக் கட்டியிருக்கிறார். உள்ளே அவர் பூனை சொக்கி மூச்சு வாங்குகிறது. அதையெல்லாம் மூச்சு என்று சொல்ல முடியாது, விலா இரண்டும் விரிந்து சுருங்கி, கூடைக் காதைப் பிடித்திருக்கிற அவர் விரல் வரைக்கும் அந்த ஆட்டம் வருகிறது. இன்னைக்கே ஆரம்பிச்சிரணும் சார், நாளைக்குன்னு தள்ளாதீங்க. மாட்டாஸ்பத்திரியில் அந்த டாக்டர் பிள்ளை சொன்னாள். மருந்து பாதி, தீனி பாதி. மாமிசம் உள்ள போகலைன்னா இந்த இதயம் தாங்காது. இன்னைக்கே. மூன்றாவது தட்டில் ஒரு பையில் பச்சைப் புள்ளி இருந்தது. காரட், பட்டாணி, சோயா. கை தானாகவே அதை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் டாக்டர் பிள்ளை விரலை நீட்டிச் சொன்னது காதில் விழுந்தது, சைவப் பாக்கெட்டுன்னு ஏதாவது கண்ணுல படும் சார், அதை மட்டும் தொட்டுராதீங்க. திரும்ப வைத்தார். வைத்த இடம் சரியில்லை, பை சரிந்தது, நிமிர்த்தி வைத்தார். காலையில் இந்தப் பையைப் பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். இன்று காலை பத்து மணி வரைக்கும் அவர் வேறு மனுஷன்.

பத்து மணிக்கு என்ன தெனாவெட்டாகப் பேசினார். சொக்கிக்கு என்ன போட்டீங்க சார் என்று அந்தப் பிள்ளை கேட்டதும் நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். தயிர்சாதம்மா. பருப்புஞ்சோறு, நெய் விட்டு. வெள்ளிக்கிழமை பொங்கல். ஏழு வருஷமாச்சு, கவுச்சின்னா என்னன்னு அதுக்குத் தெரியாது, எங்க வீட்டுப் பூனை சுத்த சைவம். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிற சிரிப்புதான். மைதானத்தில் கூட நடக்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள், என்ன வே, பூனைக்கும் தீட்சை வாங்கி வச்சிட்டேரா என்று. அதிலும் ஒரு பெருமை. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. விளக்கை எடுத்து சொக்கியின் கண்ணில் அடித்தாள். வலது கண், இடது கண், மறுபடியும் வலது கண். கருமணி இம்மிகூடச் சுருங்கவில்லை, இரண்டும் நாவல்பழமாக விரிந்தே கிடந்தன. அவருக்கு அது தெரியாமலா இருந்தது, கொஞ்ச மாசமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சொக்கிக்குக் கண்ணு என்ன அழகா ஆயிட்டு என்று மகளிடம் போனில்கூடச் சொன்னார். சுவரை ஒட்டி ஒட்டி நடக்கிறதே என்றால் வயசாகிறது, நாற்காலியில் முட்டிக்கொள்கிறதே என்றால் சோம்பேறி மூதி. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. கண்ணு ரெண்டும் போயிடுச்சு சார், போயி மாசக்கணக்காச்சு, இனி வராது. பூனைக்குன்னு ஒரு சத்து இருக்கு, அது மாமிசத்துல மட்டும்தான் கிடைக்கும், அது இல்லைன்னா முதல்ல கண்ணு போகும், அப்புறம் இதயம் வீங்கும். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். ஏழு வருஷம்னா சொன்னீங்க. ஏழு வருஷம் ஆமா, என்றார். இல்ல சார், வாய்ப்பே இல்ல, ஏழு வருஷம் தயிர்சாதம் தின்னுருந்தா இது என்னைக்கோ போயிருக்கும். எலி கிலி பிடிக்குமா. ஜன்னலெல்லாம் வலை அடிச்சிருக்கேன், ஒரு பல்லி உள்ள வர முடியாது. அப்ப யாரோ மீன் கொடுத்திருக்காங்க சார். ஒன்றரை வருஷம், கூடப் போனா ரெண்டு வருஷம் முன்னாடி நிறுத்தியிருக்காங்க. வீட்டுல கேட்டுப் பாருங்களேன். வீட்டுல இல்லம்மா, என்றார். இல்லன்னா வந்ததும் கேளுங்க. உலகம்மை போய்ச் சேர்ந்து இந்த ஆனியோடு இருபது மாசம்.

சூரை மீன் என்று போட்டிருந்த சின்னப் பையை எடுத்தார், இரண்டு விரலால், ஓரத்தில். ஆக உலகு மீன் கொடுத்திருக்கிறாள். பெரியபுராணக் கதைக்கு வருஷம் தவறாமல் போகிறவள், முட்டை போட்ட கேக் என்று தெரிந்தால் பேரன் பிறந்தநாளில்கூட வாயில் வைக்காதவள், அவள் கையால் மீன் கொடுத்திருக்கிறாள், ஐந்து வருஷத்துக்கு மேல், அவர் இருக்கிற வீட்டில். கோபம் வர வேண்டுமே என்று பார்த்தார். கோபம் வந்தால் நல்லது, பிடித்துக்கொள்ள ஒன்று கிடைக்கும். வரவில்லை. ஒரே ஒரு தடவை, சொக்கி குட்டியாக இருந்தபோது, பின்வாசல் படியில் ஒரு தட்டும் அதில் மீன் தலையும் இருந்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். பக்கத்து வீட்டு ஜெயசீலி டீச்சர் சுவருக்கு மேலே எட்டிக் கொடுத்தது. அந்தத் தட்டைக் காலால் எத்தினார். எவர்சில்வர் தட்டு, உலகம்மையின் அம்மா வீட்டில் பேர் வெட்டிக் கொடுத்த தட்டு, அது சுவரில் மோதி அந்தப் பக்கம் போய் விழுந்த சத்தம் இன்னும் இருக்கிறது. இன்னார் வீட்டுப் பக்கம் என்னத்தைக் கொடுக்கதுன்னு ஒரு விவஸ்தை வேண்டாமா என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். அன்றையிலிருந்து டீச்சரோடு பேச்சு கிடையாது. உலகம்மை ஒரு வார்த்தை சொன்னாள், பூனைங்க அது, அதுக்கு நாம என்ன செய்ய. நம்ம வீட்டுச் சோத்தத் திங்கணும்னா நம்ம மாதிரித்தான் திங்கணும், என்றார். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் படியைக் கழுவிவிட்டாள். ஆட்டின தலையை அவர் நம்பினார். முப்பத்தாறு வருஷமாக அந்தத் தலை ஆடியதை எல்லாம் நம்பினார். இப்போது எதை எடுத்துப் பார்த்தாலும் பின்னால் ஒன்று இருக்குமோ என்று தோன்றுகிறது. தோன்றட்டும், சவத்தைத் தள்ளு, முதலில் இந்தப் பூனை எதைத் தின்னும் என்று பார்க்க வேண்டும்.

சார், எந்த வயசுப் பூனைக்கு, என்று கடைப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். ஏழு. முன்னாடி என்ன பிராண்டு சாப்பிட்டுச்சு. பிராண்டு எல்லாம் இல்லம்மா. அவள் கூடையை எட்டிப் பார்த்து, ஐயோ மூச்சு இப்படி வாங்குதே என்று சொல்லி, கேட்காமலே ஒரு பையைப் பிய்த்து ஒரு மூடியில் பிதுக்கினாள். பழுப்பாக, கொழகொழவென்று, அந்த வாடை நேராக உச்சி மண்டைக்குப் போயிற்று. பிரமநாயகம் மூச்சை அடக்கிக்கொண்டு துணியை அவிழ்த்து மூடியைக் கூடைக்குள் நீட்டினார். சொக்கி முகர்ந்தது. மூக்கு இரண்டு தடவை துடித்தது. பிறகு முகத்தைத் திருப்பி ஒயர் மேல் சாய்த்துக்கொண்டது. கோழி ஒன்றைப் பிய்த்தாள். அதை முகரக்கூட இல்லை. சில பூனைங்க பழகுன ருசியத்தான் தொடும் சார், அதுவும் நோக்காடா இருக்கும்போது சுத்தமாப் புதுசத் தொடாது, எதுல பழகியிருக்குன்னு சொன்னீங்கன்னா அதே மாதிரி தாரேன். என்ன மீனு போடுவீங்க. தெரியலையேம்மா. வெந்ததா, பச்சையாவா. தெரியலை. வீட்டுல யாருக்காவது, என்று தொடங்கினாள் அவள், இவர் சட்டென்று துணியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். ஊரில் இருக்கிற எல்லாரும் இன்றைக்கு வீட்டில் கேட்கச் சொல்கிறார்கள். வீட்டில் கேட்டுத்தானே எல்லாம் நடந்தது. உப்பு எங்கே இருக்கிறது, என்ன கிழமை விரதம், எந்தச் சட்டைக்குப் பொத்தான் இல்லை. அவர் கேட்பார், அவள் சொல்வாள். இதை மட்டும் அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பிய்த்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது. ஸ்கேனும் ஊசியுமாக ஆஸ்பத்திரியிலேயே பகல் போய்விட்டது, வெளியே சாயந்திரச் சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்தது, பாளையங்கோட்டைப் பக்கம் போகிற ஆட்டோ ஒன்று கையைக் காட்டுவதற்குள் நின்றது.

ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டார். மடிக்குச் சூடாக இருந்தது. சொக்கி அழுததே, நாற்பது நாள் அழுததே, அதுதான் இப்போது நினைப்புக்கு வந்தது. உலகம்மையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு மறுநாளே ஆரம்பித்தது. விடிந்தால் பின்வாசல் கதவடியில் போய் உட்கார்ந்துகொண்டு மூடின கதவைப் பார்த்துக் கத்தும். அடிவயிற்றிலிருந்து, மனுஷப் பிள்ளை கத்துகிற மாதிரி. துஷ்டி கேட்க வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய் அதைப் பார்த்துவிட்டு வந்து கண்ணைத் துடைத்தார்கள். ஆறறிவு இருக்கவனுக்கு இல்லாத பாசம் பாத்தியளா என்று ஒருத்தர் சொன்னார். ஆமா, அவ அந்த வாசல்லதான் உக்காந்து இதத் தடவிக் கொடுத்துட்டு இருப்பா, அங்கனயே தேடுது, என்று பிரமநாயகமும் ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். சாயந்திரமானால் அவரும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார். அது அழும், இவர் அழுவார். மகன் அழுதான், மகள் அழுதாள், காரியம் முடிந்ததும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்து அழுதது இது ஒன்றுதான். அந்த அழுகைதான் அவரை அன்றைக்குப் பிழைக்க வைத்தது, பொய் சொல்லக் கூடாது. அழுது களைத்த பூனைக்குத் தயிர்சாதம் பிசைந்து, இன்னும் கொஞ்சம் குழைத்து, நெய்யை ஒரு சொட்டு கூட விட்டு, வாயில் ஊட்டினார். தின்னாது. பிறகு தின்னும். நாற்பது நாளுக்குப் பிறகு கத்துவதை விட்டுவிட்டது. மனசு தேறிட்டு, என்று மகளிடம் சொன்னார். தேறவில்லை. அது உலகம்மையைத் தேடவில்லை. அதற்குப் பசித்தது. பசிக்குது பசிக்குது என்று நாற்பது நாள் அவர் காதுக்குள் கத்தியிருக்கிறது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதிருக்கிறார். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, கூடைக்குள்ளிருந்து முனகல் வந்தது. மெதுவாப் போப்பா, என்றார்.

பின்வாசல் கதவைப் பூட்டியது யார். இவர்தான். பூனை அந்த வழியாக வெளியே போய்த் தொலைந்துவிட்டால் அவள் ஞாபகமென்று உயிரோடு இருக்கிற ஒன்றும் போய்விடுமே என்ற பயத்தில், பூட்டு வாங்கிப் போட்டு, கீழே இருந்த இடைவெளிக்கும் பலகை அடித்தார். ஆஸ்பத்திரியில், கடைசிக்கு முந்தின நாள், மூக்கில் காற்றுக் குழாயோடு அவள் சொன்னாள், பின்வாசலச் சாத்திராதிய. புழுக்கமாக இருக்கிறது போல, காற்றுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, சன்னல் திறந்துதானே இருக்கு என்றார். இல்ல, பின்வாசல, என்றாள் மறுபடியும். காய்ச்சலில் பினாத்துகிறாள் என்று நர்ஸிடம் சொன்னார். இரண்டு பக்கமும் நெஞ்சில் சளி கட்டிவிட்டது, நிமோனியா என்றார்கள். ஏற்கெனவே இழுப்பு இருக்கிற உடம்பு, ஐப்பசி மழை, என்ன செய்ய, விதி என்றார்கள். என்ன செய்ய, விதி என்று இவரும் சொன்னார். ஐப்பசி மழையில் யார் நனைந்தது. அவள் வெளியிலேயே போகவில்லையே. நினைப்பு அங்கே போய் நின்றதும் பிரமநாயகம் வேண்டுமென்றே ரோட்டைப் பார்த்தார். கரும்புச்சாறு வண்டி, சைக்கிள் கடை, சர்ச் மதில். ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவர் மைதானத்தில் நடந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்பும்போது குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். காலையில் ஒரு குளி, சாயந்திரம் தலையோடு ஒரு குளி. என்ன விரதம்ளா இது, இழுப்பை வச்சிக்கிட்டு, என்று கேட்டார் ஒரு நாள். விளக்குப் பொருத்தணும்லா, என்றாள். சரி, பக்தி, என்று விட்டுவிட்டார். பக்தியைத் தடுக்கலாமா. கூடத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே செம்பை எண்ணுவார், ஒன்று இரண்டு என்று பன்னிரண்டு வரைக்கும் போகும். பன்னெண்டு செம்பா, தொட்டியவே காலி பண்ணிருவ மூதி, என்று சத்தம் கொடுப்பார். மின்வாரியத்தில் வேலை பார்த்த மனுஷன், சாயந்திரம் ஹீட்டர் போடக் கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம்தான். காலையில் அவருக்கு மட்டும் போட்டால் போதும். வேண்டாம். இதற்கு மேல் நினைக்க வேண்டாம். மழை, விதி, இழுப்பு. இப்போது பூனைக்கு என்ன மீன் என்பதுதான் பேச்சு. அது தெரிந்த ஆள் ஒருத்திதான் ஊரில் இருக்கிறாள், அவள் கேட்டுக்கு முன்னால்தான் ஆட்டோவை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ஜெயசீலி டீச்சர் கதவைத் திறந்தாள். ஏழு வருஷத்தில் தலை நன்றாக நரைத்துவிட்டது. உலகம்மையைத் தூக்குகிற அன்றைக்கு இவள் தெருவிலேயே, எதிர்வீட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள், உள்ளே வரவில்லை. வா என்று அவரும் சொல்லவில்லை. இப்போது அவர் கூடையைத் தூக்கிக் காட்டினார். சொக்கியா, என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் கூடைக்குள் தலை நிமிர்ந்தது. பார்வை போயிட்டு, என்றார் பிரமநாயகம். நெஞ்சும் வீங்கியிருக்காம். எதையும் திங்க மாட்டேங்குது. அவ என்ன கொடுப்பா. திட்டுவாள் என்று நினைத்தார், திட்டினால் தேவலை. உள்ள வாங்க அண்ணாச்சி, என்றாள். வராந்தாவில் உட்கார்ந்தார். சாளை மீனு, என்றாள் உள்ளே போய்க்கொண்டே. அவிச்சி, முள்ளெடுத்து, உப்பு போடாம. உப்பு ஆகாது மதினின்னு நான்தான் சொன்னேன். புதனும் ஞாயிறும் நான் மீனு வாங்குவேன், மதினி அஞ்சு மணிக்கெல்லாம் சொக்கியோட பின்வாசல் வழியா வந்துருவாவ. முள்ளெடுக்கது மட்டும் என்னைய விட மாட்டாவ. எனக்குக் கண்ணு சரியில்லைன்னு, அவுகளே ஒவ்வொண்ணா எடுப்பாவ. மூக்கைச் சேலையால கட்டிக்கிட்டு. பாத்தாச் சிரிப்பா வரும். அடுப்பில் ஏதோ வைக்கிற சத்தம். இன்னைக்குப் புதன்லா, இருக்கு, அஞ்சு நிமிசம், என்றாள். இன்றைக்குப் புதன் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அவர் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார். வாய் கேட்டுவிட்டது. கையக் கழுவிட்டு வந்துருவாளோ. டீச்சர் உள்ளிருந்து சொன்னாள், சாதாரணமாக, அரிசி களைந்துகொண்டே பேசுகிற மாதிரி. எங்க. கையோட கழுவுனாப் போதாதா மதினின்னு நானும் எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன். மீனத் தொட்ட கையால விளக்குப் பொருத்தப்படாதும்பாவ. அப்ப இங்கனயே குளிங்க, வெந்நி வச்சித் தாரேன்னேன். ஈரச் சேலையோட வெளிய வந்தா அவுக பாத்துருவாவன்னு ஓடிருவாவ. கடைசி ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. மேலு சுடுது மதினி, இன்னைக்கு வேண்டாம், நான் போட்டுக்கிடுதேன்னு சொன்னேன், கேக்கலை. அவர் கை ஒன்று சொக்கியின் விலாவில் இருந்தது, ஏறி இறங்கி ஏறி இறங்கி. அதை எண்ணினார். எண்ணுவதற்கு ஏதாவது இருந்தால் கொஞ்சம் நிற்க முடிகிறது. நீங்க பின்வாசலப் பூட்டுன பொறவும் ரெண்டு மாசம் செவுத்து மேல வச்சிப் பாத்தேன் அண்ணாச்சி, என்றாள் டீச்சர் வெளியே வந்து. காக்காதான் தின்னுது. அது உள்ள கெடந்து கத்துறது இங்க வரைக்கும் கேக்கும். வந்து சொல்லணும்னு நெனச்சேன். பயமா இருந்துச்சி. அவள் கையில் தட்டு. ஒரு பக்கம் நெளிந்த எவர்சில்வர் தட்டு. விளிம்பில் மு. உலகம்மை என்று வெட்டியிருந்தது.

தட்டைத் தரையில் வைத்தாள். முள்ள எடுத்துருங்க அண்ணாச்சி, எனக்குக் கண்ணு இப்ப சுத்தமா ஆகாது, என்றாள். பிரமநாயகம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெந்த மீன் சூடாக இருந்தது. தொட்டார். இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நடுமுள் ஒரே இழுப்பில் வந்துவிட்டது, பக்கத்து முள்தான் மயிர் மயிராக, விரலில் பட்டால்தான் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. குமட்டியது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது குமட்டலுக்கு வந்ததுதானா என்று அவர் ஆராயவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தார். சொக்கியைக் கூடையிலிருந்து தூக்கி விட்டதும் அது தள்ளாடி நின்று, மூக்கைத் தூக்கி, சுவரையோ தூணையோ தேடாமல் நேராகத் தட்டுக்கு வந்தது. தின்றது. மூச்சு வாங்கிக்கொண்டே, உறுமிக்கொண்டே, நடுவில் நின்று இளைத்துவிட்டு மறுபடியும் தின்றது. ஒரு சாளை, இரண்டாவது பாதி. தட்டை நக்கி முடித்துவிட்டு அவர் விரலையும் நக்கியது, சொரசொரவென்று, ஒவ்வொரு விரலாக. பொழச்சிக்கிடும் அண்ணாச்சி, என்றாள் டீச்சர். பிழைத்துக்கொள்ளலாம். டாக்டர் பிள்ளையும் அப்படித்தான் சொன்னாள், கண்ணு வராது, இதயத்துக்கு இன்னும் வழி இருக்கு. நாளைக்கும் வாரேன், என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பின்வாசல் பலகையைப் பிடுங்கினார். பூட்டுக்குச் சாவி கிடைக்கவில்லை, அம்மிக்குழவியை எடுத்து அடித்து உடைத்தார். சாரல் காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. சொக்கி தரையில் முகம் வைத்துப் படுத்திருந்தது. பூஜை அலமாரியில் விளக்கு இருந்தது, திரி இருந்தது, தீப்பெட்டியை எடுக்கப் போன கையை மூக்கருகே கொண்டுபோனார். சாளை வாடை. சோப்புப் போட்டுக் கழுவினார், முகர்ந்தார், இருந்தது. கையோட கழுவுனாப் போதாதா. மணி ஆறாகப் போகிறது. குளியலறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினார். விரல் பழக்கமாக ஹீட்டர் சுவிட்சுக்குப் போயிற்று, போன விரலை எடுத்துக்கொண்டார். அறுபத்தைந்து வயசு வரைக்கும் அவர் பச்சைத் தண்ணீரில் குளித்ததில்லை. சின்ன வயசில் அம்மா வெந்நீர் போட்டாள், பிறகு உலகம்மை போட்டாள், பிறகு ஹீட்டர். செம்பைத் தொட்டிக்குள் முக்கித் தலையில் கவிழ்த்தார். உச்சியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கினபோது வாய் தானாகத் திறந்துகொண்டது. இரண்டாவது செம்புக்கு முதுகு வில்லாக வளைந்தது. மூன்றாவதுக்கு மூச்சு உள்ளே போக மாட்டேன் என்று தொண்டையில் நின்றது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அது வருகிற வரைக்கும் காத்திருந்தார். இது ஆனி மாசம். அவள் ஐப்பசியில் ஊற்றினாள், காய்ச்சலோடு, சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு. வெளியே கூடத்தில் ஒருத்தன் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான். இன்னும் ஒன்பது இருக்கிறது. பிரமநாயகம் செம்பைத் தொட்டிக்குள் விட்டார்.